கிரேட் டேன் குட்டிக்கு என்ன போடுவது, எவ்வளவு போடுவது: முழு வழிகாட்டி

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இருக்கும். ஒன்றரை வயதில் அதே நாய் 50 கிலோவைத் தாண்டி நிற்கும்; ஆண் என்றால் 70 கிலோகூட வரும். ஏறக்குறைய நூறு மடங்கு. இதில் பெரும்பகுதி முதல் ஒரு வருடத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பின்னாளில் அதன் இடுப்பும் முழங்கையும் எப்படி உழைக்கும் என்பதில் பரம்பரைக்கு அடுத்தபடி அந்த ஒரு வருடச் சாப்பாட்டுக்குத்தான் பங்கு அதிகம்.

நம்ம ஊரில் குட்டி வாங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நல்லா ஹைட் வர என்ன குடுக்கலாம்?" அப்படி எதுவும் கொடுக்க வேண்டாம் என்பதுதான் பதில். உயரம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. நீங்கள் எவ்வளவு ஊட்டினாலும் அது கூடாது. எட்டாவது மாதத்தில் எட்டுமா, பதினான்காவது மாதத்தில் எட்டுமா என்பது மட்டும் மாறும். மெதுவாக எட்டினால் எலும்புக்கு நல்லது. இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சாதிப்பது எப்படி என்பதைப் பற்றித்தான்.

செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப், நியூஃபவுண்ட்லாண்ட், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் வளர்ப்பவர்களுக்கும் இதே விதிகள்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை இந்த எடை வகையில் வராது. கீழே உள்ள அளவுகளை அவற்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

முதலில்: ஏன் மெதுவாக?

இந்த விஷயத்தில் நமக்குத் தெரிந்ததில் பாதி, கிரேட் டேன் குட்டிகளை வைத்தே கண்டுபிடிக்கப்பட்டது. 1974-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் குட்டிகளுக்கு வேண்டிய மட்டும் சாப்பாடு வைத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. வயிறு முட்டச் சாப்பிட்ட குட்டிகள் வேகமாக வளர்ந்தன, எலும்பு மூட்டுக் கோளாறுகளும் அவற்றுக்கே அதிகம் வந்தன. 1985-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேஸ்விங்கெல் குழுவினர் கால்சியத்தை மட்டும் கூட்டிப் பார்த்தார்கள். உணவில் 1.1 சதவீதம் கால்சியம் இருந்த குட்டிகளைவிட 3.3 சதவீதம் இருந்த குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சி தாறுமாறாகப் போனது.

காரணம் எளிது. வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை உறிஞ்சாமல் வெளியே விட்டுவிடும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. போட்டதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும்.

அதே உட்ரெக்டில் 1991-இல் புரதத்தையும் சோதித்தார்கள். 14.6, 23.1, 31.6 சதவீதம் என்று மூன்று அளவு. எலும்பு வளர்ச்சியில் வித்தியாசமில்லை. ஆகவே "புரோட்டீன் அதிகமானால் கால் வளையும்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்களிடம் வாதாட வேண்டாம், கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டுதான்: கலோரியும் கால்சியமும்.

படி 1: வந்ததும் எதையும் மாற்றாதீர்கள்

எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்க வேண்டாம். வாங்கும்போது பிரீடர் என்ன கொடுத்துக்கொண்டிருந்தார் என்று கேட்டு, பத்து நாளுக்கான அதே உணவை வாங்கி வாருங்கள். பலர் குழந்தைகளுக்கான சத்துமாவைப் பாலில் கரைத்துக் கொடுத்திருப்பார்கள். அதுவே என்றாலும் இரண்டு மூன்று நாள் ஓடட்டும். புது இடம், புதுத் தண்ணீர், புதுச் சாப்பாடு எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

அப்புறம் ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்: கால்பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். இதே வாரத்தில் டாக்டரிடம் காட்டிப் பூச்சி மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை என்பது பொதுவான வழக்கம். வயிறு உப்பி விலா தெரியும் குட்டிக்குச் சாப்பாட்டைக் கூட்டுவதற்கு முன்னால் பூச்சியைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் இருக்கும் நாய்ப் படத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு வகுத்த ஊட்டச்சத்து அளவுகளுக்கு ஏற்ற உணவு என்று சொல்லும் வாக்கியம் அது. வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோவும் அதற்கு மேலும் எடை வரும் நாய்களின் வளர்ச்சியையும் அந்த வாக்கியம் சேர்த்துச் சொல்கிறதா என்று பாருங்கள். "அவற்றைத் தவிர" என்று எழுதியிருந்தால் பாக்கெட்டை அலமாரியிலேயே வைத்துவிட்டு நகருங்கள். ஐரோப்பியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் இந்த வாக்கியம் இருக்காது. அவற்றில் எடை வகையைத் தனியாகப் போட்டிருப்பார்கள். ராயல் கேனின் நிறுவனத்தில் ஜயன்ட் பப்பி, ஜயன்ட் ஜூனியர் என்று இரண்டு கட்டமாகவே வருகிறது. மற்ற கம்பெனிகளில் பெரும்பாலும் "லார்ஜ் பிரீட் பப்பி" என்று இருக்கும், அதுவும் போதும்.

அடுத்தது கால்சியம். பெரிய வகைக் குட்டிக்கு ஆஃப்கோ வைத்திருக்கும் எல்லை, ஒவ்வொரு 1000 கிலோ கலோரிக்கும் குறைந்தது 3 கிராம், அதிகபட்சம் 4.5 கிராம் (கீழே வெறுமனே கலோரி என்று சொல்வதும் கிலோ கலோரிதான்). பாக்கெட்டில் சதவீதம்தான் போட்டிருப்பார்கள், நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். 100 கிராமில் 370 கிலோ கலோரி, கால்சியம் 1.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1.2-ஐ 370-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 3.2. எல்லைக்குள் இருக்கிறது, வாங்கலாம். அதே கலோரிக்கு 1.8 சதவீதம் போட்டிருந்தால் 4.9 வரும், வேண்டாம். கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரையிலான விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் கால்சியம் அளவே போடவில்லையா? கம்பெனிக்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள். பதில் வராத கம்பெனியின் உணவை இந்தக் குட்டிக்கு நான் போட மாட்டேன்.

"டேன் குட்டிக்கு அடல்ட் ஃபுட் போடு, அப்போதான் மெதுவா வளரும்" என்று பழைய கென்னல்காரர்கள் சொல்வார்கள். மெதுவாக வளர வேண்டும் என்ற எண்ணம் சரி, வழி தப்பு. அடல்ட் உணவில் கலோரி குறைவாக இருந்தால் குட்டி அதிக கிராம் சாப்பிடும், அதோடு கால்சியமும் கூடவே ஏறும். அடல்ட் உணவின் கால்சியம் அளவு குட்டியை மனதில் வைத்துப் போடப்பட்டதும் இல்லை.

தானியம் இல்லாத, "கிரெயின் ஃப்ரீ" என்று விற்கும் உணவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பருப்பு, பட்டாணி அதிகம் சேர்த்த இவ்வகை உணவுகளுக்கும் இதயம் வீங்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆராய்வதாக 2018-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. கிரேட் டேனுக்குப் பரம்பரையாகவே அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். விலையும் கூடுதல், தேவையும் இல்லை. விட்டுவிடலாம்.

படி 3: எத்தனை கிராம்?

பாக்கெட்டில் இருக்கும் அட்டவணை ஒரு தொடக்கம்தான். பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, போன் கால்குலேட்டரே போதும். எடையை 10×10×10 என்பதுபோல் மூன்று தடவை போட்டுப் பெருக்கி, வருவதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்குங்கள். குட்டி சும்மா படுத்திருந்தாலே தேவைப்படும் கலோரி அது. பத்து கிலோ குட்டிக்கு ஏறக்குறைய 394 வரும்.

நாலு மாதம் வரை அதைப்போல் மூன்று மடங்கு, பிறகு படிப்படியாக இரண்டரை, இரண்டு என்று இறக்கிக்கொண்டே வர வேண்டும். மேலே சொன்ன 370 கலோரி உணவை வைத்துப் பார்த்தால்:

பத்து கிலோ, இரண்டு மாதத்தைத் தாண்டிய குட்டி: சுமார் 1180 கலோரி, நாளுக்கு 320 கிராம்.
இருபது கிலோ, நாலு மாதத்தை ஒட்டி: இரண்டரை மடங்கு என்றால் 1650 கலோரி, 450 கிராம்.
முப்பது கிலோ, இரண்டு மடங்கு: 1800 கலோரி, 485 கிராம்.

எடை இருபதிலிருந்து முப்பதாகும்போது உணவு 35 கிராம்தான் கூடியிருக்கிறது, கவனித்தீர்களா? குட்டி பெரிதாகப் பெரிதாகச் சாப்பாட்டையும் அதே வேகத்தில் கூட்டிக்கொண்டே போவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தப்பு. அளவை டம்ளரில் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பிஸ்கட், ட்ரீட் எல்லாம் சேர்த்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. செலவையும் இங்கேயே யோசித்துவிடுங்கள்: அரை வயதுக் குட்டிக்கு 15 கிலோ மூட்டை ஒரு மாதம்தான் வரும்.

படி 4: கையால் பாருங்கள்

எந்தக் கணக்கும் உங்கள் குட்டிக்குச் சரியாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கையால் தொட்டுப் பார்த்துத்தான் அளவைத் திருத்த வேண்டும். ஒரு கையை மேசையில் வைத்து, புறங்கையில் விரல் எலும்புகள் மேல் மற்ற கையின் விரல்களை ஓட்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் எலும்பு ஒவ்வொன்றும் தெரியும், ஆனால் உறுத்தாது. குட்டியின் விலா அப்படித்தான் இருக்க வேண்டும். முஷ்டியை மடக்கினால் மேலே துருத்தும் முட்டிகளைப்போல் இருந்தால் மெலிவு. உள்ளங்கையின் மேடுகளைப்போல் அழுத்தினால்தான் எலும்பு தட்டுப்படும் என்றால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும். பக்கவாட்டில் வயிறு மேலே ஏற வேண்டும்.

கால்நடை மருத்துவர்கள் ஒன்பது மதிப்பெண்ணுக்கு உடல்வாகைக் கணிப்பார்கள். இந்தக் குட்டிகளுக்கு நாலு சரியானது. உறவுக்காரர்கள் வந்து "என்னப்பா, சோறு போடுறியா இல்லையா" என்று கேட்டால் நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள். லாப்ரடார் ஜோடிக் குட்டிகளில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகப் போட்டு வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு, 2002-இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் சராசரி ஆயுள் 13 வருடம், மற்றவை 11.2. இடுப்பு மூட்டுக் கோளாறும் மெலிந்தவற்றுக்கே குறைவு.

எடையை வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள். சின்னதாக இருக்கும்வரை நீங்கள் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடலாம். அப்புறம் தூக்க முடியாது. பக்கத்து அரிசி மண்டியில் இருக்கும் தட்டுத் தராசு அருமையாக உதவும், கேட்டால் சந்தோஷமாக ஏற்றிவிடுவார்கள். விலா மறையத் தொடங்கினால் ஒரு நாளின் அளவில் பத்து சதவீதம் குறையுங்கள், இரண்டு வாரம் பொறுத்து மறுபடியும் பாருங்கள்.

படி 5: சிக்கன் சோறும் கால்சியம் டப்பாவும்

நம்மிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் கெடுப்பவை.

ஒன்று, சோறும் கோழிக்கறியும். இருபது கிலோ குட்டிக்கு வெந்த கறி அரைக் கிலோ, சோறு அரைக் கிலோ என்று போட்டால் கலோரி 1475 வந்துவிடும், வயிறும் நிறையும். அதில் கால்சியம் எவ்வளவு? இரண்டும் சேர்ந்து 125 மில்லிகிராம் அளவுக்குத்தான். வேண்டியது 4400. பாஸ்பரஸோ 1350 மில்லிகிராம், கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் காக்க உடம்பு எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்து வரும் குட்டிகள் இப்படித்தான் உண்டாகின்றன.

"கேழ்வரகு போட்டால்?" என்று கேட்பீர்கள். கேழ்வரகு மாவில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, தானியங்களில் அதுதான் ராஜா. ஆனால் 4400 மில்லிகிராம் வேண்டுமென்றால் ஒன்றேகால் கிலோ மாவைக் கூழாக்க வேண்டும், அதிலும் ஒரு பங்கை ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்துவைத்துக்கொள்ளும். பாதி பாக்கெட், பாதி சிக்கன் சோறு என்ற சமரசமும் உதவாது. 3.2 கிராம் என்று நாம் பார்த்து வாங்கிய கால்சியம் ஆயிரம் கலோரிக்கு 1.6, 1.7 என்று பாதியாகிவிடும்.

இன்னொன்று, கால்சியம் டப்பா. நல்ல பாக்கெட் உணவை நாளுக்கு 320 கிராம் சாப்பிடும் பத்து கிலோ குட்டிக்கு 3.8 கிராம் கால்சியம் ஏற்கெனவே போகிறது. அதன்மேல் கால்சியம் கார்பனேட் பொடி 10 கிராம் தூவினால் இன்னொரு 4 கிராம். ஆயிரம் கலோரிக்கு 6.6 ஆகிவிட்டது, எல்லை 4.5. முட்டை ஓட்டுப் பொடியும் அப்படித்தான், ஒரு கிராமில் 0.38 கிராம் கால்சியம் இருக்கிறது. கடையில் குட்டியோடு சேர்த்துக் கொடுத்தனுப்பும் டானிக்குகளில் வைட்டமின் டி-யும் சேர்ந்திருக்கும். அதுவும் கூடினால் ஆபத்து. குட்டிக்கு என்னதான் பார்த்துப் பார்த்துச் செய்தாலும், சரியான உணவின் மேல் கால்சியம் சேர்க்காதீர்கள். காது நிற்க, கால் நேராக, பல் முளைக்க என்று எதற்காகச் சொன்னாலும் சரி.

வீட்டுச் சாப்பாடுதான் என்று பிடிவாதமாக இருந்தால், உணவியல் படித்த கால்நடை மருத்துவரிடம் எடைக்கு ஏற்ற அளவுச் சீட்டு வாங்கி, ஒரு கிராம்கூட மாற்றாமல் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் முதல் வருடத்தில் அந்தப் பரீட்சையே வேண்டாம். வேகவைத்த முட்டை, தயிர் ஒரு கரண்டி, உப்பில்லாமல் வேகவைத்த கேரட், பரங்கிக்காய், இரண்டு துண்டுக் கறி என்று அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எத்தனை வேளை, எப்படி

மூன்று நாலு மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதற்குமேல் ஆயுளுக்கும் இரண்டு. ஒரே வேளையாகப் போடும் பழக்கம் டேனுக்கு ஆகாது. வயிறு காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் நோய் இந்த இனத்தில்தான் மிக அதிகம். ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதும் அவசரமாக விழுங்குவதும் அதற்கு வழிவிடும். வேகமாகத் தின்னும் குட்டிக்கு மேடு பள்ளம் வைத்த தட்டு வாங்கலாம், அல்லது பெரிய தாம்பாளத்தில் பரப்பிப் போடலாம். உயரமான ஸ்டாண்டில் தட்டு வைத்தால் நல்லது என்று விற்கிறார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வில் அப்படிச் சாப்பிட்ட நாய்களுக்கு இந்த நோய் கூடுதலாகவே வந்தது. தட்டு தரையிலேயே இருக்கட்டும்.

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல், எச்சில் ஒழுக நிலைகொள்ளாமல் நடந்தால் நள்ளிரவானாலும் உடனே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். முன்கூட்டியே இரைப்பையை வயிற்றின் உள்சுவரோடு தைத்துவைக்கும் அறுவை ஒன்று உண்டு, பெயர் கேஸ்ட்ரோபெக்ஸி. கருத்தடை செய்யும்போதே சேர்த்துச் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சித்திரை வெயிலில் குட்டி மதியச் சாப்பாட்டை ஒதுக்கும். பயந்துகொண்டு கறி கலந்து ஊட்ட வேண்டாம். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்தபிறகும் போடுங்கள். தண்ணீரில் ஊறவைத்த உணவை அரைமணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், புளித்துவிடும்.

படி 7: போடவே கூடாதவை

வெங்காயம், பூண்டு (எனவே சாம்பார் சோறும் பிரியாணி மிச்சமும்), திராட்சை, பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கும் உலர் திராட்சை, சாக்லேட், சைலிடால் சேர்த்த சர்க்கரையில்லா இனிப்புகள். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். பால் நிறையக் கொடுத்தால் வயிறு போகும்.

படி 8: கால் என்ன சொல்கிறது

முன்னங்கால் மணிக்கட்டு வீங்கிச் சூடாக இருப்பது, பாதம் வெளிப்பக்கம் திரும்புவது, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டல் மாறுவது, முயல்போல் இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்து ஓடுவது, பின்பகுதி தள்ளாடுவது: இதில் எதைப் பார்த்தாலும் "வளர்ற வயசு, சரியாயிடும்" என்று விடாதீர்கள். காய்ச்சலோடு கால் வலி என்றால் வளரும் எலும்பின் அழற்சியாகவும் இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து, எடைக் குறிப்பையும் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

வழுவழு டைல்ஸ் தரையும் காலைக் கெடுக்கும். குட்டி சாப்பிடும் இடத்திலாவது ஒரு ரப்பர் பாய் போடுங்கள்.

படி 9: எப்போது அடல்ட் உணவுக்கு?

சின்ன நாய்களுக்கு எலும்பின் வளர்முனைகள் வருடத்துக்குள் மூடிவிடும். டேனுக்கு ஒன்றரை வருடம், சிலவற்றுக்கு இரண்டு வருடம். அதுவரை பெரிய வகைக் குட்டி உணவிலேயே இருக்கட்டும். 18 மாதத்தை ஒட்டிப் பத்து நாளில் படிப்படியாக மாற்றலாம். இடையில் கருத்தடை செய்தால் கலோரித் தேவை ஏறக்குறைய கால்பங்கு குறையும், தட்டிலும் அதைக் குறையுங்கள். இந்த வயதில் டேன் உயரமாகவும் ஒல்லியாகவும் நிற்கும். மார்பு விரிந்து சதை பிடிக்க இன்னும் ஒரு வருடம் எடுக்கும், அதற்காக அளவைக் கூட்ட வேண்டியதில்லை.